தள்ளுபடி

என் மூச்சுக்கு ஒரு வாட் கணக்கு உண்டு.
முந்நூற்றைம்பது.
இயந்திரத்தின் முதுகில் ஒட்டியிருக்கிறது.
இரவு பத்துக்கு மூக்கில் குழாயை மாட்டினால்
விடியும்வரை
பழைய பஸ் மாதிரி உறுமிக்கொண்டு
எனக்காக அது மேடு ஏறும்.

லெங்கோக் பாருவில் ஓரறை வாடகை வீடு.
ஒப்பந்தத்தில் இரண்டு பெயர்கள்.
நான், பவளமணி:
ஷூ தொழிற்சாலையில் பசை வாடையோடு
இருபத்திரண்டு வருடம்.
அவர், கோ சியூ லான்:
ஈரச்சந்தையில் மீன் செதில் சுரண்டியவர்.
தனியாள் இருவர் சேர்ந்தால்தான் வீடு என்பது விதி.
நடுவில் ஒரு பலகைத் தடுப்பு.
எங்களுக்குப் பொதுவாய் நாற்பது மலாய்ச் சொற்கள்;
அதில் அதிகம் தேய்ந்தது "மாஹால்".
அரிசி மாஹால். முட்டை மாஹால். சாவதும் மாஹால்.

கரண்டு பில் அவர் பெயரில் வரும்.
பாதிப் பாதி என்று பேச்சு.
இயந்திரம் வந்த மாதம்
காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்,
கை நீட்டித் தள்ளிப் பிடித்தார்,
எந்தத் தூரத்திலும் தொகை அதேதான்.
ஒன்றும் சொல்லவில்லை.
அன்றிரவு தடுப்புக்கு அப்பால்
மின்விசிறி நின்றுவிட்டது.
மே மாதப் புழுக்கம்.
அவர் அட்டையால் விசிறிக்கொள்ளும் ஓசை
என் மூச்சோடு
சேர்ந்தும் சேராமலும்.

அதனால்தான் கிளம்பினேன்.
குழாய் இல்லாமல் ஐம்பது அடி, ஒரு தூண்,
இன்னொரு ஐம்பது அடி, இன்னொரு தூண்.
கீழ்த்தளத்தில் இத்தனை தூண்கள் எதற்கென்று
அன்றுதான் புரிந்தது.

கடைத்தொகுதி வாசலில் பலூன் கட்டி
மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தான் ஒரு பையன்.
"ரெண்டு வருஷ ஒப்பந்தம்னா
யூனிட்டுக்கு ரெண்டு காசு குறையும் ஆன்ட்டி."
ரெண்டு வருஷமா?
நுரையீரலைக் கேட்டுச் சொல்றேன் தம்பி.
சிரித்தான்.
எனக்கு ஒரு பேனா கொடுத்தான்.

தள்ளுபடி என்பது விசித்திரமான சொல்.
தீபாவளிக் கடையிலும் அதுதான்,
கோர்ட்டில் மனுவைத் தூக்கிப் போடுவதும் அதுதான்.
வரிசை எண் எரியும்வரை
எனக்கு எது என்று தெரியாது.

சமூக சேவை அலுவலகத்தில் நூர்ஷஹீரா
ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.
வருமானம்? சொன்னேன்.
பிள்ளைகள்? சொன்னேன்; அதுவும் பூஜ்யம்.
மூச்சு இயந்திரத்துக்குத் தனிக் கட்டம் இல்லை,
"மற்றவை"யில் போட்டாள்.
ஃப்ரிட்ஜும் டிவியும் கூட மேலேயே இருந்தன.

பில் யார் பெயரில்?
கோ சியூ லான்.
உங்களுக்கு என்ன உறவு?
இல்லை.
தோழி?
அப்படி நாங்கள் சொல்லிக்கொண்டதில்லை.
காலியாக விட்டால் கணினி ஏற்காது ஆன்ட்டி.

அட்டை விசிறும் ஓசை காதில் கேட்டது.
எழுதும்மா, என்றேன்:
ஒரே மீட்டர்.

விரல்கள் நின்றன.
பிறகு எதையோ தட்டினாள்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் பதில் இல்லை.
ஒருமுறை வேறு தாள் கேட்டார்கள்.
ஒருமுறை அதே தாளைக் கேட்டார்கள்.
ஜூலை பில்லில்
தொகைக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.
அழுக்கு என்று நினைத்து
சியூ லான் நகத்தால் சுரண்டினார்,
செதிலைப் போல.
போகவில்லை.
"குராங்" என்றேன். குறைவு.
இத்தனை வருடத்தில்
அந்தச் சொல் எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

பதினோரு வெள்ளி எழுபது காசு.
இதைக்கொண்டு யாரும் நிமிர்ந்துவிட முடியாது.
அடுத்த காலாண்டுக்கு
மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்,
மறுபடி தூண்களை எண்ண வேண்டும்.

அன்றிரவு விசிறியை ஒன்றில் வைத்துவிட்டுப் படுத்தார்.
குழாய் எட்டும் தூரம்தான்;
எழுந்துபோய் மூன்றுக்குத் திருகினேன்.
இருட்டில் "மாஹால்" என்றார்.
அணைக்கவில்லை.